ஊறப்போட்ட சிமெண்டு

உன் கொத்துக்கரண்டி என் முன்னால் கிடக்கிறது. இன்று காலை உன் மனைவி கொண்டுவந்தாள். "மாப்ளகிட்ட குடுத்துருன்னு சாகுறதுக்கு மொத நா சொன்னாருண்ணே" என்றாள். வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "அம்புட்டுத்தாண்ணே" என்றாள். பிடியில் உன் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. பார்த்தால் அழுகை வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

பத்து வருஷம் ஒரே சாரத்தில் நின்றோம். காளவாசலில் சுண்ணாம்பு வாங்கி, ஊறவைத்து, அரைத்து, நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகச் சுவர் எடுப்போம். என் வரிசை கோணினால் நீ திருத்துவாய். கோணியது யார் கை என்று வெளியே போகாது.

அப்புறம் வைகைக்கு வடகரையில் அந்த வக்கீல் வீட்டு வேலை வந்தது. புதிதாக மோட்டார் கார் வாங்கியிருந்தார். மழை பெய்தால் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சேற்றில் புதைந்துவிடும். சிமெண்டுப் பாதை போடச் சொன்னார். நமக்கோ சிமெண்டு புதுசு. மூட்டையோடு வந்த கடைக்காரர் ஒன்றுதான் சொன்னார்: கலந்த கையோடு போட்டுவிட வேண்டும்.

நீ கேட்டாயா? காலையிலேயே மொத்தத்தையும் கலந்து குவித்து, ஈரச்சாக்கால் மூடினாய். நான் இரண்டு தடவை தடுத்தேன். "ஊறாத கலவை ஒட்டாது மாப்ள. கோயில் மதிலே ஊறுன சுண்ணாம்புலதான் நிக்கிது. நேத்து வந்த மூட்டை நமக்குப் பாடம் சொல்லுதாக்கும்" என்று சிரித்தாய். சாப்பிட்டு வந்து பார்த்தால் குவியல் இறுகத் தொடங்கியிருந்தது. மண்வெட்டியால் கொத்தி, தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் போட்டாய். நானும்தான் கூட நின்று போட்டேன். அதை மறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கார் ஏறியது. பாதை அப்பளமாக நொறுங்கியது. கடைக்காரர் வந்து பார்த்து, கலந்து வெகுநேரம் கிடந்த கலவை என்றார். "கலவையை ஊறப்போட்டது யாரு?" என்று வக்கீல் கேட்டார். ரெண்டு பேரும்தான் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ, "இவன்தாங்கய்யா. வேணாம்டான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல், உடைந்த சில்லைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தாய்.

வக்கீல் என்னை அனுப்பிவிட்டு, பாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போட உன்னையே வைத்துக்கொண்டார். கலக்கக் கலக்கப் போட்டாயாம். இன்றைக்கும் அதில் ஒரு கீறல் இல்லை. அதைக் கண்டு ஊரே உன்னைக் கூப்பிட்டது. என்னைப் பார்த்தால், "சிமெண்ட ஊறப்போட்ட ஆளுல்ல" என்று காப்பிக்கடையில் காதுபடவே சிரித்தார்கள். கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் சுண்ணாம்பு பூசியே என் காலம் போனது.

வேலை போய்விடுமே என்று பயந்துதான் அப்படிச் சொன்னாய். பயந்ததை என்றோ மன்னித்துவிட்டேன். அதற்கப்புறம் எத்தனை வருஷம் இருந்தாய்! எதிரே வந்தால், "என்ன மாப்ள, சௌக்கியமா?" என்பாய். அந்தக் காப்பிக்கடையில் ஒரே ஒரு நாள், "அது நான்தாண்டா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போய்விட்டாய், துரோகி.

உன் மனைவி போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "நீங்க செஞ்ச தப்பைச் சொன்னதுக்காகவா அண்ணே இம்புட்டு வருசம் அவர்கூடப் பேசல?"

வீட்டிலும் அதையே சொல்லி வைத்திருக்கிறாய். உண்மையைச் சொல்லிவிடத்தான் நிமிர்ந்தேன். அவளுடைய வெறுங்கழுத்து கண்ணில் பட்டது.

"ஆமா தங்கச்சி, நான்தான் ஊறப்போட்டேன்" என்றேன்.