வெள்ளிக்கிழமைப் பத்தாயம்

புரட்டாசி 11, சனி. மூட்டம். மழை இல்லை.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் இன்று இருந்தவர்கள்: நான், தைலம்மை. என் பேரன் இளங்கோ, காலை ரயிலில் சென்னையிலிருந்து. மருமகள் மீனா. என் அண்ணன் கோவிந்தராசு, கைத்தடியோடு, சலவை வேட்டியில். படம் எடுக்கிற டைரக்டர் தம்பி, தாடி. கேமராக்காரர் ஒருத்தர், வாயே திறக்காதவர். சுவரில், மாலை போட்ட போட்டோவில், எங்களைப் பெற்றவள். அவள் பெயரை எழுத மாட்டேன். வாயாலும் சொன்னதில்லை, அவளைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து.

இளங்கோ எழுதின பேய்ப் புத்தகம் 'பத்தாயத்துக்காரி' படமாகிறது. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில்தான் எடுக்கப்போகிறார்கள். கடைசிக் காட்சி. இந்தப் பத்தாயத்தில்.

டைரக்டர் பத்தாயத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பலாப் பலகை, ஆள் உயரத்துக்கு மேலே. உச்சியில் நெல் கொட்டுகிற வாய். அடியில் நெல் எடுக்கிற சின்னக் கதவு. இன்னும் ஒரு பலகை விலகவில்லை. அண்ணனுக்குப் பெருமை. பட்டணத்தில் இப்படி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டான்.

அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கைதான்.

மீனாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்கச் சொல்ல வேண்டும்.

12, ஞாயிறு. வெயில்.

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மூன்றாவது வரை படித்தவள், விரல் வைத்துத்தான் ஓடும். இது நாலாம் தடவை. படித்தவர்கள் பலபேருக்குத் தூக்கம் போயிற்றாம். ஒரு பொம்பளை புத்தகத்தைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாளாம். இளங்கோ சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

செத்தவள் பத்தாயத்திலிருந்து எழுந்து வருகிறாள். தன்னைக் கொன்ற பெரிய மாமன் வாயில் நெல்லைத் திணிக்கிறாள், பிடி பிடியாக, வயிறு பிளக்கும்வரை. விடிந்து பார்த்தால் பிணத்தின் காதிலிருந்து பச்சை நாற்று. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு தடவை படிப்பேன். இன்னும் கொஞ்சம் நெல் திணித்திருக்கலாம்.

வயிறு எரிவது அதற்கு அப்புறம், பழசைச் சொல்கிற பக்கத்தில். பெற்ற தாயின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், அவள் பத்தாயத்தில் தலையை முட்டி முட்டி அழுகிறாள், "என் மவளை விட்டுடுங்க" என்று. கடைசியில் பேய் வந்து அந்தத் தாய் மடியில் தலை வைத்துத் தூங்குகிறது.

தூங்குமா. தூங்குமா என் அக்கா அந்த மடியில்.

13, திங்கள். மாலையில் தூறல்.

பாபநாசம் போனேன், பிரஷர் மாத்திரைக்கு. டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். இதே பேச்சு.

"பேயெல்லாம் சரிடி, அந்த அம்மா அழுவுறதுதான் எனக்குத் தாங்கல."

"படத்துல யாரு அம்மாவாம்?"

சீரியலில் வருகிற நடிகை பெயரைச் சொன்னாள். அவள் அழுதால் தியேட்டரே அழுமாம். படம் எப்போது வரும் என்று இரண்டும் நாள் எண்ணுகிறதுகள். எச்சில் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். யாரும் கேட்கப் போவதில்லை. எழுதுகிறேன்.

அக்கா பெயர் சௌந்தரம். ஒரு தடவைதான் முழுசாக, இனி சௌ. எனக்கு ஒன்பது வயது. சௌ. மதகுக்காரர் மகனோடு கல்யாணம் கட்டிக்கொள்ளப் போனாள். அவர்கள் வேறு ஆளுங்க. பஸ்ஸுக்கு நின்றவளை அண்ணன் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான், வாய்க்கால் கரை முழுக்க. வரும்போதே ஒரு காது அறுந்து தொங்கியது, தோட்டைப் பிடித்து இழுத்ததில். அந்தப் பையனை என்ன செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவன் சைக்கிள் மட்டும் ஆற்றில் கிடைத்தது.

அன்றைக்கு வியாழன். குறுவை அறுத்த சமயம். மழைக்குப் பயந்து நெல்லைக் காய வைக்காமல் பத்தாயத்தில் பாதிக்குக் கொட்டியிருந்தார்கள். அதன் மேல் சௌ.வைத் தள்ளி, உச்சிப் பலகையைப் போட்டு, தாழ்ப்பாள். சனிக்கிழமை, வீட்டில் பார்த்து வைத்திருந்த வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறவரை கிடக்கட்டும் என்று.

ஈர நெல் மூடி வைத்தால் கொதிக்கும். கை வைக்க முடியாது. விவசாயம் பண்ணுகிற வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

வெள்ளி காலையிலிருந்து தட்டினாள். முதலில் வேகமாக. அண்ணனே பயந்துபோய் ஏணியை எடுத்தான். அவள் ஏணியைப் பிடுங்கிப் போட்டாள். அம்மா என்று எழுத வரவில்லை, அவள். "வெள்ளிக்கிழமை. பத்தாயத்தைத் தொறந்தா லெச்சுமி வெளிய போயிடும். நாளைக்குப் பாத்துக்கலாம்." சொல்லிவிட்டுப் பத்தாயத்துக்கு முன்னால் கோலம் போட்டாள். விளக்கேற்றினாள். உள்ளே தட்டுகிற சத்தத்தில் சுடர் ஆடியது.

நான் அடிக்கதவைப் பிடித்து இழுத்தேன். ஒரு கை நெல் விழுந்தது. சூடு. அதற்குள் தோசைத் திருப்பியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து என் முழங்கையில் வைத்தாள். தோல் கரண்டியோடு போனது. தழும்பு இருக்கிறது, பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் தட்டுவது நின்றது.

சனி காலையில் திறந்தார்கள். சௌ. வாயில் நெல். விரல் நுனியில் நகம் இல்லை, பலகையில் இருந்தது. பாம்பு கடித்தது என்று ஊருக்குச் சொல்லி, ஆற்றங்கரையில் வைத்துக் கொளுத்தினார்கள். மத்தியானம், புரட்டாசிச் சனி என்று, அவள் பெருமாளுக்குத் தளிகை போட்டாள். சர்க்கரைப் பொங்கல். எனக்கும் வைத்தாள்.

14, செவ்வாய். வெயில் கொல்கிறது.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நம் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காய்கிறது. மீனா காலால் கிளறிவிட்டு வந்து திட்டிக்கொண்டே சமைத்தாள்.

சினிமாக்காரர்கள் கோழி கேட்டார்களாம். புரட்டாசியில். மீனா "சாம்பார்தான், இஷ்டம்னா உக்காருங்க" என்றுவிட்டாள். நல்லது.

இளங்கோவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சிறுபிள்ளையில் அவனுக்கு இதை முழுசாகச் சொன்னவள் நான்தான். ஏணியைப் பிடுங்கினது, விளக்கேற்றினது, எல்லாம். ஏன்டா மாற்றினாய் என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான், படிக்கிறவர்கள் அதைத் தாங்க மாட்டார்கள் என்று.

வயிறு பிளந்து நாற்று முளைப்பதைத் தாங்குவார்கள். காது அறுப்பதைத் தாங்குவார்கள். அவள் கோலம் போட்டதைத் தாங்க மாட்டார்களாம்.

"படம் வர்றதுக்குள்ள மாத்துடா. புஸ்தகம் போனாப் போவுது. படத்தை நாடே பாக்கும்."

அப்போதுதான் சொன்னான். "அப்பாயி, உனக்கு அப்ப ஒம்போது வயசு. பயத்துல ஏதோ பாத்திருப்ப. பெத்தவ அப்படிச் செய்வாளா? கோவிந்தராசுத் தாத்தா வேற மாதிரி சொல்றாரு."

வேறு மாதிரி என்றால்? அம்மா மயங்கி விழுந்துவிட்டாளாம். ஒன்றும் தெரியாதாம். திறந்தது வெள்ளிக்கிழமையாம்.

எனக்குக் கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் ஒவ்வொன்றும் யார் கொடுத்தது என்று தெரியும். பந்தியில் எனக்கு அப்பளம் போடாமல் போனவள் பெயர் தெரியும். இது தெரியாதா.

அவன் கன்னத்தில் விட்டேன் ஒன்று. கண்ணாடி பறந்தது. உடையவில்லை.

15, புதன். மூட்டம்.

இளங்கோ பேசவில்லை. நானும்.

டைரக்டர் தம்பி வந்தார். பேய் எப்படியெல்லாம் கொல்லலாம் என்று என்னிடம் கேட்டார், விளையாட்டாக. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கதிர் அரிவாளால் குதிகால் நரம்பை அறுத்து ஈர வயலில் விட வேண்டும், நண்டு பார்த்துக்கொள்ளும் என்றேன். வைக்கோல் போருக்குள் சொருகி நெருப்பு வைத்தால் சத்தம் வெளியே வராது என்றேன். கேமராக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "ஆத்தா."

தாய் அழுகிற காட்சியை எடுக்க வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன், தழும்பைக் காட்டி. பொறுமையாகத்தான் கேட்டார். முழுப் படமும் அந்த அழுகையில்தான் நிற்கிறது, அந்த நடிகையைப் போட்டதே அதற்குத்தான், வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நான் யாரை நம்ப என்றார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். அதனால் கோபம் கூடுதல்.

16, வியாழன். காற்று.

அண்ணன் வீட்டு வாசலில் லாரி, லைட்டு, ஒயர். சௌ.வாக நடிக்கிற பெண் மலையாளம் பேசுகிறது. சின்ன முகம். காதில் அறுந்த மாதிரி ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். தவறான காது. இடது என்றேன். மாற்றினார்கள்.

தாயாக நடிக்கிற அம்மா வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "உங்கம்மா பட்ட வேதனையை நான் காட்டிடுவேன்" என்றாள். நல்ல பெண்தான். காலை இழுத்துக்கொண்டேன்.

அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் கதை. அம்மா எப்படி மயங்கி விழுந்தாள் என்று. நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

17, வெள்ளி. மழை இருட்டு. பெய்யவில்லை.

எடுத்தார்கள்.

பத்தாயத்தில் பாதி நெல். அந்தப் பெண்ணை உள்ளே விட்டார்கள். பின்பக்கம் ஒரு பலகை கழற்றியிருக்கிறது, மூச்சுக்கு வழி, நான் முதலிலேயே போய்ப் பார்த்துவிட்டேன். அண்ணன் முன்னால் நாற்காலியில். இளங்கோ கேமரா பக்கத்தில். நான் தூண் ஓரம்.

எல்லாரும் சத்தம் போடக்கூடாது என்றார்கள். அந்தப் பெண் உள்ளேயிருந்து தட்டினாள்.

அதே சத்தம். பலாப் பலகைக்கு வேறு சத்தம் வராது.

தாய் வேஷக்காரி தலையை முட்டி அழ ஆரம்பித்தாள். எனக்கு அவள் தெரியவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும். கால் தானாகப் போனது. யாரோ சேலையைப் பிடித்தார்கள், உதறினேன். கீழே உட்கார்ந்து அடிக்கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நெல் மடி முழுக்கக் கொட்டியது.

அண்ணன் எழுந்துவிட்டான். தடி கீழே விழுந்தது.

"ஏய் தைலு, வெள்ளிக்கிழமைடி. தொறக்காத. நான் ஏணி எடுத்ததுக்கே அம்மா என்னை வெட்ட வந்துச்சு. உன்னைச் சுட்டுப்புடும்டி, தொறக்காத."

சின்னப் பையன் குரல். தொண்டையில் எங்கேயோ வைத்திருந்திருக்கிறான்.

 உள்ளே அந்தப் பெண் மட்டும் விஷயம் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தாள், கேமராவும் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். வேட்டி நனைந்திருந்தது. என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. போட்டோவைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

இளங்கோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் முழங்கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்தான். இத்தனை வருஷமாகப் பார்த்ததுதான்.

"ஏணியைப் பிடுங்கினாங்களா அப்பாயி?"

"பிடுங்கினா."

"விளக்கு?"

"குத்துவிளக்கு. அஞ்சு முகம்."

மடியில் கிடந்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். பொறுக்கட்டும்.

18, சனி. நல்ல மழை. ரோட்டு நெல்லை அள்ளியாயிற்று, மீனாவும் நானும்.

தாய் வேஷக்காரி ராத்திரியே கிளம்பிவிட்டாளாம். இளங்கோ புதிதாக எழுதிக் கொடுத்த காட்சியைப் படித்துவிட்டு, பெற்றவளாக இதை நடிக்க மாட்டேன், ஜனங்கள் என்னைக் கல்லால் அடிப்பார்கள் என்றாளாம். அடிக்கட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன், நடிக்கிறவளை இல்லை.

டைரக்டர் குடையோடு வந்தார். முகம் வேண்டாம், கோலம் போடுகிற கையும் குரலும் போதும் என்கிறார். குரல் என்னிடம் கேட்டார். அண்ணன் வீட்டுக் கூடத்தில் மைக்கைப் பிடித்தார்கள். மழை ஓயக் காத்திருந்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. நாளைக்குப் பாத்துக்கலாம்.

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபமாகச் சொல்லவில்லையே. பால்காரனிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்படியே வந்தது. என் வாயில் அவள். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். உள் அறையில் அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு "அம்மா, அம்மா" என்றானாம். மீனா சொன்னாள்.

அவனை மன்னித்தேன் என்று இல்லை. காது அறுத்தவன். ஆனால் ஏணியை எடுத்தான். அவன் சாகட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

தளிகை போடவில்லை இன்றைக்கு. சர்க்கரைப் பொங்கல் என் வீட்டில் என்றைக்கும் இல்லை.

இளங்கோ இப்போது வந்து நின்றான். படத்தில் தாய்க்குப் பெயர் வைக்க வேண்டும், புத்தகத்தில் வெறும் அம்மா, நிஜப் பெயரையே வைக்கட்டுமா என்றான். படம் வருகிற அன்று தியேட்டரில் முன் வரிசையில் உன்னை உட்கார வைக்கிறேன் என்றான். தாத்தாவிடம் கேட்டால் அழுகிறாராம், நீயே சொல் என்றான். வாயைத் திறந்தேன். வரவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டேன், பார்த்துக்கொள் என்று.

பெரியதாக எழுதுகிறேன், அவனுக்குத் தெரியும்படி.

பாக்கியத்தம்மாள்.