எங்கள் எலிகள் சுத்தமானவை

இன்று காலை ஆய்வகத்தில் உமி மூட்டைகள் வந்து இறங்கின. எலிக் கூண்டுகளில் பரப்பும் முன் உமியை நீராவியில் அவித்து எடுப்போமே, அந்த வாசனை நெல் மில் மாதிரி அறை முழுக்க அடித்தது. அண்ணாகிராமத்தில் மில்லுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள் நான், எனக்கு அது பசியைக் கிளப்பும். உனக்குத் தும்மல் வரும். "ஒங்க ஊரு வாசனைய வெளிய தொரத்துடி" என்று கதவைத் திறக்கப் போவாய். கிருமி வந்துவிடும், திறக்கக் கூடாது என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பவளும் நீதான்.

சோர்வாக இருக்கிறது. காலையில் ஒருவர் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். வழக்கமான கேள்விதான்: "எலிக்கு நல்லாவுது சரி, மனுஷனுக்கு எப்போம்மா?" நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். நான் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த கூண்டைக் காட்டினேன்.

சிதம்பரத்தில் இந்த ஆய்வகத்தில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய். எலியை மயக்கி, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைச் சற்று நேரம் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறப்போம். சிறுநீரகம் திடுமெனச் செயலிழந்துவிடும். அப்புறம் வேறோர் எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை ஏற்றிவிட்டு, தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி போடுவது உன் வேலை. வாலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, "கொஞ்சம் பொறு ராசா, முடிஞ்சிடுச்சி" என்பாய். எந்தக் குப்பியில் செல், எந்தக் குப்பியில் வெறும் உப்புநீர் என்று கணக்கு முடியும்வரை நம் இருவருக்குமே தெரியாது. ஆனாலும் நான் பொறுக்க மாட்டாமல், "இதுக்கு செல்லுதான் போயிருக்கு, பாரு எப்பிடி ஓடுது" என்பேன். உனக்குக் கோபம் வந்துவிடும்.

"ஆசப்பட்டுட்டு எண்ணாதடி. எண்ணிட்டு அப்புறம் ஆசப்படு."

போன வருஷ மழைக்கு உன் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். ஊசி போடும் நாள் தவறக்கூடாது என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அதில் நடந்து வந்து பஸ் பிடித்தாய். அடுத்த வாரம் காய்ச்சல், கெண்டைக்காலில் குடைச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எலியோட பழக்கம் ஏதாச்சும் உண்டா?" படுத்திருந்த உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க எலிங்க ஒங்கள விட சுத்தம் டாக்டர்!" நானும் சும்மா இருந்தேனா? எலிகளுக்கு எந்த நோயும் இல்லை என்ற பரிசோதனை முடிவைப் போனில் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன். அவரும் நம்பி, வேறு காய்ச்சல்களைத் தேடப் போனார். எலி என்றால் நமக்கு வெள்ளை எலிதான் நினைவுக்கு வரும். தெருத் தண்ணீரில் மூத்திரம் விட்டுப்போன சாக்கடை எலி நம் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்ற பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. முன்பே மருந்து தொடங்கியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஐஸ் கம்பெனி மெக்கானிக், எதையும் கழற்றி மாட்டினால் சரியாகும் என்று நம்புகிறவர். "ஏம்மா, ஒங்க லேப்ல இருக்குற அந்த செல்ல எடுத்தாந்து இவளுக்குப் போடக்கூடாதா? எலி பொழைக்குதில்ல?" கட்டிலிலிருந்து நீதான் பதில் சொன்னாய். "அது எலி செல்லுங்க. போட்டா நாளைக்கு ஒங்க கருவாட்டு டப்பாவ நான்தான் ஓட்ட போடுவேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மருந்து வாங்கக் கீழே போனார்.

அவர் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"எடுத்தாந்துருடி. யாருக்கும் தெரிய வேணாம். நீயே போட்டுரு."

"எலி செல்லுடி அது."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் கேக்குறேன். பயமா இருக்குடி."

என் மணிக்கட்டை விடாமல் இறுக்கினாய். எலியின் வாலைப் பூப்போலப் பிடிக்கும் கை. "வேணாம்டி" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் எதுவுமே கேட்காதவள் போல நர்சம்மாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாய். அதன்பின் நுரையீரலிலும் ரத்தம் கசிந்து, நீ போய்விட்டாய்.

நீ கடைசியாக ஊசி போட்ட எலிகளின் கணக்கை நான்தான் முடித்தேன். செல் ஏற்றியவை மற்றவற்றைவிட நன்றாகத் தேறியிருந்தன. எண்ணிவிட்டுத்தான் பார்த்தேன், ஆனால் ஆசைப்படத் தெம்பில்லை. கழிவறைக்குப் போய் அழுதேன்.

போன வாரம் கல்லறைத் திருநாளுக்குக் கடலூர் வந்தேன். தூறலில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. உன் வீட்டுக்காரர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசி வரைக்கும் அவ பயப்படவே இல்லங்க. டாக்டருங்களயே கலாய்ச்சிக்கினு இருந்தா." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்கிட்டயாவது ஏதாச்சும் கேட்டாளாம்மா? அந்த செல்லப் பத்தி?"

"இல்லண்ணா. எங்கிட்டயும் கிண்டல்தான்."

அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன்" என்றார்.

மறுத்ததற்காக நான் வருந்தவில்லை. இன்று கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், நீயும் என் இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாய். சரியாகச் செய்தும் இவ்வளவு களைப்பு வருமா என்றுதான் தெரியவில்லை. நீ பயந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அது என்னோடே இருக்கட்டும், வெளியே விட மாட்டேன்.

அன்றைக்கு எல்லாரும் பயமே அறியாத ஒருத்திக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கலைந்தார்கள். நான் கடைசியாக, பயந்துபோன என் சிநேகிதிக்கு ஒன்று ஏற்றிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.