சாக்கு மேடம், சாக்கு

ஜூலை 14, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மத்திகிரியில் இந்த மாசம் வெயில் வேணும்னா காலண்டர் படத்தில்தான் பார்க்கணும். பிள்ளைத் துணி ஒண்ணும் காயல. அடுப்புக்கு மேல கயிறு கட்டிக் காயப்போட்டேன். சமையல் நூர்ஜஹானுக்குக் கோபம்.

"சாக்கக்கா, கஞ்சியில மூத்திர வாசம் வந்தா உன் பேரத்தான் சொல்லுவேன்."

சொல்லுடி. ருசியா இருந்தாலும் என் பேரையே சொல்லு.

நிர்மலா மேடத்துக்கு மறுபடி ஜுரம். எங்க பிள்ளைக் காப்பகத்துக்கே அவங்கதான் தலை, நான் ஆயா. சமூக சேவைக்குன்னு காலேஜ்ல படிச்சவங்க. நாகர்கோவில்லேர்ந்து வந்து கொஞ்ச மாசம்தான். (இனிமே மே.னு எழுதுவேன், கை வலிக்குது.) சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா ஏதாவது பிள்ளை அழும். பிள்ளை அழலைன்னா தாய்க்காரி வந்து அழுவாள். டப்பா அப்படியே வீடு திரும்பும்.

"ஏன் மேடம், டப்பாவுக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா?"

சிரிச்சாங்க. சிரிச்சபடியே தரையில உட்கார்ந்துட்டாங்க. தலைசுத்தல்.

ஜூலை 15, செவ்வாய்

டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. பத்து நாள் ஓய்வு, இல்லைன்னா ஆஸ்பத்திரி கட்டில்.

எதிர்க்கடை போன்ல, காப்பகத்தை நடத்துற பெங்களூர் ட்ரஸ்ட் சார்கிட்ட மே. பேசினாங்க. நான் பக்கத்துல. நீங்க இல்லாட்டி பத்து நாளும் பூட்டிடுங்கன்னாராம். பூட்டினா கம்பெனிக்குப் போறவங்க பிள்ளைய எங்க வைப்பாங்க, மெஷின் மேலயா? ஒரு தாய்க்காரி, கௌரம்மா, இப்பதான் வேலையில சேர்ந்திருக்கா. பத்து நாள் போகாட்டி வேற ஆளைப் போட்டுடுவாங்க.

"சாக்கம்மா பார்த்துக்குவாள்னு சொல்லுங்க மேடம்." கிண்டலுக்குத்தான் சொன்னேன்.

மே. போனைக் கையால பொத்திக்கிட்டு, "நிஜமாவா?"

நாலாங்கிளாஸ் நான். வாய் முந்திக்கிச்சு. "நிஜமாத்தான்."

சார் சரின்னுட்டாரு! ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கே பூட்டுன்னும் சொன்னாரு. இருக்கட்டும். இன்சார்ஜ்! வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "எனக்கு இத்தனை வருசமா இன்சார்ஜ், இப்பதான் ஊருக்குத் தெரிஞ்சுதா"ன்னார். தூக்கமே வரல, சந்தோசம்.

ஜூலை 16, புதன்

மே. வந்து நிக்கிறாங்க! லீவு வேணாமாம். முகம் உப்பிக் கிடக்கு. யார்கிட்டயும் பேச்சில்ல, வெறி வந்த மாதிரி வேலை. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. என்னை நம்பலையோ?

மத்தியானம் நானும் நூருவும் வழி மறிச்சுக் கேட்டுட்டோம்.

"உங்கள நம்பாம இல்ல சாக்கம்மா. நேத்து சாயங்காலம் கௌரம்மா பிள்ளைய வெச்சிருந்தேன். லீவுல போறேன்னு சொன்னேன். மூஞ்சிக்கு நேரா 'சாக்கு மேடம், சாக்கு'ங்கா. பிள்ளையையும் வெடுக்குன்னு வாங்கிட்டா. ஜுரம்னு நான் சாக்கு சொல்லுதேனா?"

கண்ணுல தண்ணி.

நான் நூருவைப் பார்த்தேன், நூரு என்னைப் பார்த்தா. அடக்க முடியல.

"ஐயோ மேடம்! அவ கன்னடக்காரி, கன்னடத்துல சாக்குன்னா போதும்! உடம்பு இப்படிக் கொதிக்குதே, தூக்கினது போதும்னு சொல்லியிருக்கா!"

"நிஜமாவா?"

"என் பேரே அதுதான் மேடம். எனக்கு மேல வரிசையா பொண்ணுங்க. நான் பிறந்ததும் எங்கப்பன் சாக்குன்னுட்டான், அதையே பேராக்கிட்டாங்க."

"நான் கோணிச்சாக்குன்னு இல்ல நெனச்சேன்," நூரு. கொழுப்பு.

மே. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு. ஷிப்ட் விட்டு வந்த கௌரம்மாவுக்கு விசயத்தைச் சொன்னோம். "ஐயோ, தப்பா நினைக்காதீங்க மேடம்"னு கையைப் பிடிச்சுக்கிட்டா. மே. சாவியை என் கையில குடுத்தாங்க.

ஜூலை 17, வியாழன்

சாவி முந்தானையில. நடக்கும்போதே சத்தம், ராணி மாதிரி.

இன்னைக்கு: ரெண்டு வாந்தி, பால் பானை கவிழ்ந்தது, கௌரம்மா பையன் சீனு கத்தல். மே. தோள் இல்லாம தூங்க மாட்டான். நானே சுமந்தேன். நூரு கேட்டா, வேணாம்னேன். குளிப்பாட்ட வந்தா, வுடு நான் பாத்துக்கறேன்னேன். எல்லாத்துக்கும் நான்.

பிள்ளைங்க போன பிறகு நூரு என் டப்பாவைத் தூக்கிக் காட்டினா. திறக்கவே இல்ல.

"டப்பாவுக்கு ஊர் சுத்திக் காட்டுறியா சாக்கக்கா?"

என் பேச்சு எனக்கே.

ஆறின களியைத் தின்னுக்கிட்டே யோசிச்சேன். பிள்ளை நம்ம கையில மட்டும் அழுகைய நிறுத்துது பாரு, அது வெல்லம். யாரு கீழ வெப்பா? மே.வைச் சும்மா கிண்டல் பண்ணிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

வெயில்! துணி எல்லாம் மொடமொடன்னு.

இன்னையிலேர்ந்து சட்டம்: ஒருத்தி சாப்பிட்டா இன்னொருத்தி கையில பிள்ளை. சாப்பிடுறவ தலை திருப்பக்கூடாது. எனக்கும் சேர்த்துத்தான். கழுத்து வலிச்சுது.

சீனு நூரு மடியில தூங்கிட்டான்!! அவ தாலாட்டுன்னு குழம்பு வைக்கிற பக்குவம் சொன்னாளாம். குதிக்காத குறை. சத்தம் போடாம குதிச்சோம்.

உப்பு, மண்ணெண்ணெய் வாங்கணும்.

ஜூலை 19, சனி

மத்தியானம் கேட்டுக்கு வெளியில குடை. மே.! காய்ச்சல் விட்டிருக்கு, ஆனா கன்னம் ஒட்டிப்போச்சு.

"சும்மா பார்த்துட்டுப் போவோம்னு."

உள்ள சத்தமே இல்ல. காதைத் தீட்டிக் கேட்டாங்க. "யாரும் அழலையா? சீனு?"

"நூரு மடியில தூங்குறான் மேடம்."

"நல்லது," அப்படின்னாங்க. முகம் வாடிப்போச்சு. அந்த வெல்லம் எனக்குத் தெரியுமே. கிண்டல் ஒண்ணு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அதுக்குள்ள சீனு முழிச்சு வீல்னு கத்தல். மே. கை தானா கேட் கம்பி மேல வந்துடுச்சு. "திறங்க சாக்கம்மா, ஒரு நிமிசம்."

"மேடம், சாப்பிட்டீங்களா?"

இல்லைன்னு தலையை ஆட்டினாங்க. திறந்து உள்ள கூட்டிவந்து தட்டு முன்னாடி உட்கார வெச்சேன். "இங்க சட்டம் மாறிப்போச்சு. சாப்பிடுறவங்க திரும்பக்கூடாது."

"யாரு போட்ட சட்டம்?"

"இன்சார்ஜ்."

சூடா களி, அவரைக்காய்க் குழம்பு. முதுகுக்குப் பின்னால சீனு கத்துறான். மே. தோள் ரெண்டும் தூக்கிக்கிச்சு, ஆனா திரும்பல. நூரு தாலாட்டுல குழம்புக்குப் புளி கரைக்கிற இடத்துக்கு வந்தபோது கத்தல் நின்னுச்சு. மே. தோளும் இறங்குச்சு. இன்னொரு உருண்டை கேட்டாங்க. கேட்டாங்க!

கை கழுவிட்டு சீனுவைத் தொடாம நின்னு பார்த்தாங்க. "சாக்கு சாக்கம்மா, சாக்கு. பத்து நாள் முடியாம வந்தா திறக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

குடையை மறந்துட்டாங்க. சீனுவை நான் வாங்கிக்கிட்டு நூருவை குடையோட பஸ் ஸ்டாப்புக்கு ஓட விட்டேன். இல்லைன்னா அந்தச் சாக்குல திங்கக்கிழமையே வந்து நிப்பாங்க.