நடுப்பகல் நிழல்

மார்ச் 4, 1974
காய்ந்த பீன்ஸ் ஊறுகிறது. விறகெல்லாம் ஈரம். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் காலையில் சட்டைப் பையில் சாக்கட்டியைத் தேடுகிறேன்.
ஒரு கடிதம் வந்தது. கலாச்சார மன்றத்தின் ஓவியக் குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. பதினைந்தாம் தேதி அவர் இடத்தில் நான் உட்கார வேண்டும். பார்க்கப்போவது லிகோரின் படம். என்னிடம் எட்டு வருடம் ஓவியம் படித்தவன்.
என் மனைவி ஒலிம்பிக்குச் சந்தோஷம். "உங்ககிட்ட படிச்ச பையன் படம்தானே. நீங்க இருக்கீங்கல்ல, அவனுக்கு என்ன பயம்?"

மார்ச் 7
ஆசிரியர் தினம். லிகோர் ராக்கி சாராயப் பாட்டிலோடு வந்தான்.
"வாத்தியாரே, குறையே இல்லாத படத்தைக் கண்டா அவங்களுக்குப் பயம். மொத்தத்தையும் நோண்டுவாங்க. அதான் நானே ஒரு குறை வச்சுட்டேன்."
கூட்டுப்பண்ணை அறுவடை, நடுப்பகல். நிழல்களை மட்டும் சாயங்காலம் போல நீளமாக விட்டிருக்கிறானாம்.
"நீங்க அதைச் சொல்லுங்க. நான் தலையில அடிச்சுக்கிறேன். அரை நாள்ல திருத்திடுவேன். எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."
அவன் காப்பாற்ற நினைப்பது படத்தின் நடுவில் இருக்கும் பெண்ணை. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். களைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் நம் ஊர்ப் படங்களில் யாரும் களைப்பதில்லையே. அவன் மனைவி வித்தோரேயை உட்காரவைத்து வரைந்தானாம்.
சரி என்றேன். நானே செய்ததுதானே? பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் ஒரு ஜன்னலைத் துடைக்காமல் விடுவேன். அதைச் சொல்லித் திட்டிவிட்டு மனுஷன் திருப்தியாகப் போய்விடுவார்.

மார்ச் 15
எழுதாமல் விடலாமென்று பார்த்தேன். இருந்தாலும் எழுதுகிறேன்.
குழுவில் ஐந்து பேர். தலைவர் பர்தில். லிகோர் சுவரோரம் நின்றான். என் முறை வந்தது. "ஒரே ஒரு குறை, தோழர்களே. நடுப்பகலில் நிழல் இவ்வளவு நீளாது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? நான் உதாரணம் சொல்லித் தொலைத்தேன். முப்பத்தொரு வருடமாகச் சொன்ன அதே முட்டை, அதே விளக்கு. விளக்கு மேலே இருந்தால் நிழல் குட்டை. இறங்க இறங்க நீளும்.
பர்தில் பேனாவை மூடினார். "அப்போ இந்தப் படத்துல சூரியன் இறங்குது."
"இல்லை, வந்து—"
"எங்க இறங்குது, தோழர் ஆசிரியரே? எதுக்குப் பின்னால?"
நிழல்கள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று எல்லோரும் பார்த்தார்கள். பண்ணைக் கட்டடத்துக்குப் பின்னால். கட்சிக் கொடிக்குப் பின்னால்.
"நம்ம பண்ணை மேல பொழுது சாயுதுங்கறார் ஓவியர்."
ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
லிகோர் என்னைப் பார்த்தான். பேசி வைத்துக்கொண்டது என்று சொன்னால் இரண்டு கழுத்தும் போகும். அது வேண்டாம். 'நான் தப்பாச் சொல்லிட்டேன்' என்றிருக்கலாமே. மூன்றே சொல். நான் தண்ணீர் குடித்தேன்.
அவன்தான் பேசினான். "வாத்தியார் சொன்னது சரி. நிழல் தப்பு."
வேறு யாரையும் அவன் சொல்லவில்லை.

மார்ச் 16
இருட்டும் வரை விறகு பிளந்தேன்.

மார்ச் 19
லிகோரைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

மார்ச் 27
கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட்டேன். பர்தில் காபி வரவழைத்தார். "உங்க முட்டை உதாரணத்தை வழக்குல அப்படியே சேத்துட்டோம். படிக்காதவனுக்கும் புரியுது பாருங்க." முதுகில் தட்டினார்.
காபியைக் குடித்து முடித்தேன்.

ஏப்ரல் 2
வித்தோரே வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "விசாரணையில அவர் உங்க பேரைச் சொல்லல. அதைச் சொல்லத்தான் வந்தேன். நிம்மதியாத் தூங்குங்க வாத்தியாரே." செருப்பு வாசலில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. ஒலிம்பி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 20
லிகோருக்கு எட்டு வருடத் தண்டனை. செம்புச் சுரங்கம். வித்தோரேயையும் எட்டு வயது மகளையும் சமவெளியில் ஒரு கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 11
விழாவுக்கு லிகோரின் படம் வேண்டுமாம். திருத்த என்னைக் கூப்பிட்டார்கள். நிழல்களைக் குறுக்கினேன். சரியாக அரை நாள். அவன் கணக்கு தப்பவில்லை.
பர்தில் தள்ளி நின்று பார்த்தார். "இப்பத்தான் மதியம்."
செருப்பைக் கழற்றிய பெண் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. அவன் கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா? யாரிடம்?

செப்டம்பர் 9
இனி நான் குழுவின் நிரந்தர உறுப்பினர். ஒலிம்பி கீரை வைத்து லாக்ரோர் ரொட்டி சுட்டாள். கீரை கொஞ்சம் உப்பு.

பிப்ரவரி 18, 1975
மாவட்டப் பள்ளி ஓவியப் போட்டி. நடுவர் நான்தான். மேஜையில் அறுபத்து நான்கு படங்கள். டிராக்டர், குதிரை, சிரிக்கும் பெண்கள். பாதி பார்த்த பிறகுதான் புரிந்தது, எதற்கும் நிழல் இல்லை. குதிரைகள் தரையில் கால் பாவாமல் நிற்கின்றன. எந்த ஆசிரியரும் இப்போது நிழல் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது.
கடைசியில் ஒன்று, சமவெளிப் பள்ளியிலிருந்து. ஒரு முட்டை, ஒரு விளக்கு. நிழல் நூலளவும் பிசகவில்லை. ஒன்பது வயதுக் கை, அப்பனிடம் படித்தது. பின்னால் பெயர் இருக்கும். நான் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.
இப்படியே அனுப்பினால் பர்தில் பெயரைப் பார்ப்பார், நிழலைப் பார்ப்பார். பிள்ளைக்கு எதற்கு வம்பு?
ரப்பரை எடுத்தேன். அழுத்தி வரைந்திருந்தாள், நேரம் பிடித்தது. காகிதம் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது, கிழியவில்லை. முட்டை இப்போது மற்ற எல்லாவற்றையும் போல அந்தரத்தில் நிற்கிறது.
பத்துக்குப் பத்து போட்டேன்.