அவிழ்த்துப் பின்னிய விண்ணப்பம்

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை என்னவாயிற்று என்று உன் கடிதத்தில் நீ கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் ஒரு மூத்த வழக்கறிஞர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு அவரே போன் செய்தார். "ஏம்மா, நாங்க வாடகை ஒப்பந்தம் எழுதிப் பிழைக்கிறவங்க. எங்களுக்கு எதுக்கு இத்தனை கொலை வழக்கு?" என்றார். குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றுக்கு எழுதியதையே, பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

அன்று மாலை உன் மகளுக்கான ஸ்வெட்டரைப் பின்ன எடுத்தேன். குத்துமதிப்பாகத் தொடங்கியது. நீ அனுப்பிய அளவோடு வைத்துப் பார்த்தால் தோள் பற்றவில்லை. அதையெல்லாம் இழுத்துச் சரிக்கட்ட முடியாது. முழுக்க அவிழ்த்தேன்.

பிறகு விண்ணப்பத்தையும் அழித்துவிட்டு, போன் செய்த அந்த வழக்கறிஞரின் அலுவலகத்தைப் பற்றித் தேடிப் படித்து, முதல் வரியிலிருந்து எழுதினேன். கடின உழைப்பாளி என்றெல்லாம் போடவில்லை. பயிற்சியின்போது ஒரு வாடகை ஒப்பந்தத்தில் ஒன்றோடொன்று முரண்பட்ட இரண்டு பிரிவுகளைக் கண்டுபிடித்ததை எழுதி, அவருக்கே மறுபடி அனுப்பினேன்.

பதில் வரவில்லை. வராமலே போகலாம். ஆனாலும் மாமா தன் கம்பெனியில் எனக்காகப் பிடித்துவைத்திருக்கும் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நீயே சொல்லிவிடு, அக்கா. நான் பேசினால் அவர், "அதனால என்னம்மா, நீ கிளம்பி வா" என்பார். இருக்கிற அசதிக்கு உடனே வந்துவிடுவேன்.

உன் தங்கை