குருசடியில் சுறா எண்ணெய்

1954 செப்டம்பர் 10, வெள்ளி
கச்சான் காற்று. கடை முழுக்கப் புழுதி. ஜும்ஆத் தொழுகைக்குச் சாய்ந்தமருது வீட்டுக்குப் போய், பின்னேரம் திரும்பிக் கடை திறந்தேன். குருசுக்கு விளக்கேற்றும் அந்தோனி வந்தான், முகம் வாடி. என் கடைக்கு எதிரே, சந்தியில் நிற்கும் பழைய இரும்புக் குருசைக் கழற்றப் போகிறார்களாம். துருவாம். வேதக் கோயில் மூப்பருக்குச் சீமெந்துக் குருசு வேண்டுமாம், அதுவும் கோயில் முற்றத்தில். செவ்வாய் குருசுத் திருநாளுக்கு வரும் பாதிரிச் சுவாமி முடிவு சொல்வார்.

அந்தோனி அதை ஒல்லாந்தர் காலம் என்பான், மறுநாள் போர்த்துக்கேயர் காலம் என்பான். எக்காலமோ, அந்த இரும்பு இலைகளை அடித்து வளைத்த கை நல்ல கை. எனக்கும் கவலை. இந்தப் பக்கத்தில் என் பெயர் யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் நான் குருசடிக் காக்கா, குருசடி அண்ணன்.

11, சனி
வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், புகையிலை, மகளுக்கு வளையல். கடற்கரையில் மச்சானிடம் ஒரு போத்தல் சுறா எண்ணெய் வாங்கினேன். தோணிக்குப் பூசுவது. அவன் சொன்னான்:
"துருவுக்கு இத உட்டா வேற மருந்தில்ல மச்சான். ஒள்ளுப்பம் நாறும், அவ்வளவுதான்."

12, ஞாயிறு
கோயில் செபம் முடிந்ததும் அந்தோனியும் நானும் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்தோம். பிறகு எண்ணெய், போத்தல் காலியாகும்வரை. கறுத்து மினுங்குகிறது. அடியில் பூனைகள் கூட்டம். "நாத்தம் காத்துல போயிரும்" என்றேன், பெரிய தோணிக்காரன் போல.

14, செவ்வாய்
வழக்கமாய்த் திருநாளில் கடை பூட்டிவிட்டு வீட்டில் இருப்பேன். இன்று முடிவு தெரிய வேண்டி நின்றேன். வெடி, மாலை, பாட்டு. பிறகு பார்த்தால், எல்லாரும் வரிசையாய்க் குருசை முத்தமிடப் போகிறார்கள்! யா அல்லாஹ். எனக்குத் தெரியாது, அந்தோனி சந்தோஷத்தில் சொல்ல மறந்தே போனான்.

முதலில் மூப்பர். முகம் சுருங்கியது. "என்ன இழவு இது, மீன் நாறுது!"

அடுத்து சுவாமி. முத்தமிட்டுவிட்டுக் கண்ணை மூடியபடி நின்றார். "ஆர் பூசின?" அந்தோனி என்னைக் காட்டினான், பாவி. ஒளிய இடம் தேடினேன்.

"சுறா எண்ணெய்தானே காக்கா? எங்கட அப்பா கடலால வந்து என்னத் தூக்கக்குள்ள இதே மணம்தான். அவர் மௌத்தாகி எவ்வளவு காலம்." இறந்தார் என்னாமல், எனக்காக எங்கள் சொல்லைச் சொன்னார். பிறகு மூப்பரைப் பார்த்து, "குருசு இஞ்சயே நிக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தோனி வாய்விட்டே அழுதான்.

15, புதன்
காற்று தணிந்தது. பூனைகள் இன்னும் போகவில்லை. மூப்பர் சவுக்காரம் வாங்க வந்தார், மீசையில் நாற்றம் போகவில்லையாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தேன். படியில் இறங்கியவர் திரும்பினார்.
"வாற வருசம் ஒரு கிழம முந்திப் பூசுங்க காக்கா."