காலிக் கட்டங்கள்

அம்மான், வியாழன் காலை

அன்பு அக்கா அரீஜுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். ஃபோனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேனே என்று பதறாதே. என் ஃபோன் கூடத்தில்தான் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். இன்று எங்கள் தெருவுக்கு வாரத்தில் ஒருமுறை தண்ணீர் வரும் நாள். தொட்டி நிரம்புகிறதா என்று பார்க்கும் சாக்கில் மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமை குவைத் வரும் பக்கத்து வீட்டு சல்வா கொண்டுவந்து தருவாள்.

நீ அனுப்பிய நேர அட்டவணை வந்தது. "உன் நாளை நீ கையில எடு, இல்லேன்னா கண்டவங்க எடுத்துக்குவாங்க" என்று எழுதியிருந்தாயே, அதை நம்பி அன்றே நிரப்பி பிரிட்ஜில் ஒட்டினேன். சமையல், துவைப்பு, பிள்ளைகள், மாமியின் மாத்திரை, எல்லாம் நீல மையில். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை படிப்பதற்கு. ஆனால் படிப்பு என்று எழுதக் கூச்சமாக இருந்ததால் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

மாமிக்கு எழுத்துத் தெரியாது, காலிக் கட்டம் தெரிகிறதே. "இந்த நேரம் சும்மாத்தானே இருக்கே மகளே, முலூக்கியா கீரையை ஆய்ஞ்சு குடு" என்றார். கொழுந்தன் பென்சிலாலேயே எழுதிவிட்டான், நான் மாமியை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று. என் வீட்டுக்காரர் வஜ்தி ஒருபடி மேலே போய், "ரொம்ப வசதியா இருக்கு நிஸ்ரீன், உன்னை எப்பக் கூப்பிடலாம்னு இப்பத் தெரியுது" என்று மெச்சினார். எனக்கு அழுகைதான் வந்தது.

பிறகு சிவப்பு மையில் படிப்பு என்று பெரிதாக எழுதினேன். இரண்டு நாள் மதித்தார்கள். மூன்றாம் நாள் மாமியின் தங்கை வந்து, "படிப்பா? இது பிள்ளைங்களோட கட்டமா?" என்று கேட்டுச் சிரித்தார். அவருக்குக் காபி போட்டதில் பதினொன்றாகிவிட்டது.

இருந்தும் படித்துவிட்டேன் அக்கா. குளியலறையிலும், இந்தத் தொட்டியடியிலும். மருந்தாளர் மறுபதிவுத் தேர்வு வரும் வியாழன் பத்து மணிக்கு. போன தடவை வஜ்தியின் அத்தை வீட்டு நிச்சயதார்த்தத்தில் போயிற்று. இந்தத் தடவையும் போகாவிட்டால் பதிவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். வஜ்தியிடம் சொன்னேன். "தண்ணி வர்ற நாளாச்சே, துணியெல்லாம் யார் துவைப்பா? அடுத்த தடவை எழுதேன், இன்ஷா அல்லாஹ்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

அதனால் ஓர் உதவி செய். வரும் வியாழன் காலை எட்டு மணிக்கு இந்த வீட்டு ஃபோனுக்கு அடி. மாமிதான் எடுப்பார். இங்கே அம்மானில் இருக்கும் உன் வீட்டுப் பத்திரத்துக்கு நான் இன்றே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று சொல். கொஞ்சம் அதட்டியே சொல். பதறிப்போய் வஜ்தியே காரில் கொண்டுபோய் விடுவார், மாமியே துணி துவைப்பார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை அக்கா. உன் வேலை என்றால் என்னை அனுப்புவார்கள். தேர்வு மையம் அங்கிருந்து இரண்டு தெருதான்.

பொய் சொல்லச் சொல்கிறேன், பாவம் என் கணக்கில் இருக்கட்டும். இங்கேயும் அங்கேயும் மணி ஒன்றுதான், அதனால் குழப்பமே வராது. உன் நேரத்திலெல்லாம் அல்லாஹ் பரகத் செய்யட்டும். அதில் அந்த எட்டு மணியை மட்டும் எனக்குக் கொடு.

தொட்டி வழிகிறது. கீழே கூப்பிடுகிறார்கள்.

உன் தங்கை
நிஸ்ரீன்